பேறுகாலத் துணை: மாதர் சங்கங்கள் ஏற்கத்தக்க தொண்டு

நம் கிராமங்களில் பிள்ளைப்பேறு நெடுங்காலம் வீட்டிலேயே நடைபெற்று வந்தது. கர்ப்பிணியின் தாயாரோ, அத்தையோ, அண்டை வீட்டு மூதாட்டியோ அருகில் இருப்பர். மருத்துவச்சி இடுப்பைப் பிடித்துவிட்டு, தலையைக் கோதி, "இன்னும் சற்றுப் பொறுத்துக்கொள் அம்மா" என்று தைரியம் சொல்லுவாள். அம்முறையில் கொடிய குறைகளும் இருந்தன. உதிரப்போக்கைத் தடுக்க மருந்து இல்லை. தொப்புள்கொடியை அறுக்கும் கருவி சுத்தமாக இருப்பதில்லை. குழந்தை குறுக்கே கிடந்தால் செய்வதற்கு வழியில்லை. இவற்றால் மாண்ட தாய்மார்களும் சிசுக்களும் எண்ணற்றோர்.

ஆகவேதான் பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் முயற்சி பல தலைமுறைகளாக நடந்து வந்தது. சென்னை எழும்பூரில் மகப்பேறு மருத்துவமனை 1844-ம் ஆண்டில் தோன்றியது. பிற்காலத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களும், கிராம சுகாதாரச் செவிலியர்களும், 2008-ம் ஆண்டு முதல் 108 ஊர்தியும் வந்து சேர்ந்தன. இவற்றின் பலனை எண்களில் காணலாம். 2019-21-ம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 100 பிரசவங்களில் 99-க்கு மேற்பட்டவை மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலுமே நடைபெற்றன. லட்சம் பிறப்புகளுக்கு 2001-03-ல் 134 ஆக இருந்த தாய்மார் மரணம் 2018-20-ல் 54 ஆகக் குறைந்தது. இது எளிதிற் கிட்டிய வெற்றி அன்று.

ஆயினும், வீட்டை விட்டு மருத்துவமனைக்குச் சென்றபோது பெண் ஒன்றை இழந்தாள். பிரசவ அறையின் கதவு மூடப்பட்டது. உற்றார் வெளியே நின்றனர். வலியின் மிகக் கடினமான நேரத்தில் கையைப் பிடித்துக்கொள்ள யாருமில்லை. இரவு முறையில் ஒரே செவிலியர் இருக்கும் இடத்தில், அவர் எவ்வளவு கருணை உள்ளவராயினும், ஒரு பெண்ணின் தலைமாட்டிலேயே பத்து மணி நேரம் உட்கார்ந்திருக்க இயலாது. இழந்த இத்துணையை மருத்துவப் பாதுகாப்புக்குக் குறைவின்றி மீண்டும் பெறுவது எவ்வாறு என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

அரசு திறந்த கதவு

இக்குறையை உணர்ந்து தமிழ்நாடு அரசு 2004-ம் ஆண்டிலேயே அரசு மருத்துவ நிலையங்களில் பேறுகாலத் துணைத் திட்டத்தைத் தொடங்கியது. பிரசவ வேதனையில் உள்ள பெண்ணுடன் அவளுக்கு வேண்டிய ஒரு பெண் உள்ளே இருக்கலாம் என்பதே அதன் சாரம். மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ம் ஆண்டில் நாடு முழுவதிலும் உள்ள அரசு மருத்துவ நிலையங்களுக்கு இத்தகைய நெறிமுறையை வகுத்தது. 2018-ம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், பிரசவ காலத்தில் தான் விரும்பும் ஒருவரைத் துணையாக வைத்துக்கொள்ளும் வாய்ப்பு எல்லாப் பெண்களுக்கும் அளிக்கப்பட வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

மத்திய அரசின் நெறிமுறை கூறும் நிபந்தனைகள் எளியவை. துணையாக வருபவர் தாமே பிள்ளைப்பேற்றை அனுபவித்த பெண்ணாக இருத்தல் வேண்டும். தொற்று நோய் இருத்தல் கூடாது. தூய ஆடை அணிய வேண்டும். பிரசவம் முடியும்வரை உடனிருக்கச் சம்மதிக்க வேண்டும். மருத்துவர், செவிலியர் பணியில் குறுக்கிடலாகாது. அறையிலுள்ள வேறு பெண்களைக் கவனிக்க முற்படலாகாது. தனிமறைவுக்கு வசதி உள்ள இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம்.

ஆகவே, கதவு திறந்துதான் இருக்கிறது. ஆனால், அதன் வழியே உடன் நுழைவதற்கு ஆள் இல்லாத பெண் என்ன செய்வாள்?

ஆள் இல்லாத பெண்கள் யார்?

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் பெற்றோர் வந்து மகளை அழைத்துப் போகின்றனர். சடங்காகத் தோன்றினும், பேறுகாலத்துக்குத் துணையை உறுதி செய்யும் ஏற்பாடு அதில் அடங்கியிருக்கிறது. அவ்வழக்கம் எட்டாத குடும்பங்களே இங்கு நாம் கருதுவன.

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் உருவானது. அதே காலத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. அன்று முதல் தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாவட்டங்களிலிருந்தும் வேலை தேடி வந்தோர் இங்குக் குடியேறினர். அண்மைக் காலத்தில் பீகார், ஒடிசா, அசாம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலத்தாரும் பட்டறைகளிலும் கட்டட வேலைகளிலும் திரளாகச் சேர்ந்துள்ளனர். திருவள்ளூர் மாவட்டத்தின் செங்கற்சூளைகளில் மேற்கு ஒடிசாவின் பொலாங்கீர், நுவாபாடா போன்ற பகுதிகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து வேலை செய்வோர் உண்டு.

இவர்களுள் ஒரு பெண் கருவுற்றால் அவள் நிலை என்ன? தாயார் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறார். மருத்துவமனையில் பேசும் மொழி அவளுக்குப் புரிவதில்லை. கணவன் வேலைக்குச் செல்லாவிடில் அன்றைய கூலி இல்லை. மூத்த குழந்தை இருப்பின் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வெளிமாநிலத்தார் மட்டுமே இந்நிலையில் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. பெற்றோர் சம்மதமின்றி மணம் புரிந்து உறவு அறுந்த பெண், கணவனால் கைவிடப்பட்டவள், தாயை இழந்தவள், தாயார் இருந்தும் அவர் வீட்டு வேலைக்கோ கம்பெனி வேலைக்கோ போயே தீரவேண்டிய நிலையில் உள்ளவள் ஆகியோரும் நம் தெருக்களில் வாழ்கின்றனர். பூவிருந்தவல்லி ஒன்றியத்தின் நேமம், குத்தம்பாக்கம் போன்ற ஊர்களிலும் இத்தகையோர் இருக்கலாம் என்பதை அவ்வூர்ப் பெண்களே நன்கு அறிவர்.

ஆராய்ச்சிகள் கூறுவன

முன்பின் அறியாத ஒரு பெண் அருகில் உட்கார்ந்திருப்பதால் என்ன பயன் விளையும் என்று சிலர் ஐயுறலாம். இவ்வையத்துக்கு விடை ஆராய்ச்சிகளில் கிடைத்துள்ளது.

மத்திய அமெரிக்காவில் குவாதமாலா என்னும் சிறு நாடு உள்ளது. அங்குள்ள மருத்துவமனை ஒன்றில் சோசா, கென்னல், கிளாஸ் முதலிய மருத்துவர்கள் நடத்திய ஆராய்ச்சி 1980-ம் ஆண்டில் வெளியாயிற்று. தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களுள் ஒரு பகுதியினருக்கு மட்டும் ஒரு பெண் துணை அளிக்கப்பட்டது. அத்துணைவி மருத்துவம் கற்றவள் அல்லள்; கர்ப்பிணிக்கு அறிமுகமானவளும் அல்லள். முதுகைத் தடவுவதும், கையைப் பற்றிக்கொள்வதும், பேச்சுக் கொடுப்பதுமே அவள் செய்தவை. சிக்கலின்றிப் பிரசவித்தவர்களுள், துணை பெற்றவர்கள் மருத்துவமனையிற் சேர்ந்தது முதல் குழந்தை பிறக்கும்வரை சராசரியாக 8.8 மணி நேரம் ஆயிற்று. துணை பெறாதவர்களுக்கோ 19.3 மணி நேரம் ஆயிற்று. துணை பெற்ற தாய்மார் பிரசவத்துக்குப் பின் கூடுதல் நேரம் விழித்திருந்து, தம் குழந்தையைப் பார்த்துச் சிரித்தும் பேசியும் மகிழ்ந்தனர்.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஏழை மக்கள் நாடிவரும் மருத்துவமனை ஒன்றில், முதற் பேற்றுக்கு வந்த 189 பெண்களிடம் நடத்தப்பட்ட ஆராய்ச்சி 1991-ம் ஆண்டில் வெளியாயிற்று. அங்குத் துணை நின்றோர் அவ்வட்டாரத்துத் தொண்டர்களே. மருத்துவப் பயிற்சி பெறாதவர்கள். ஆறு வாரங்களுக்குப் பின் விசாரித்தபோது, துணை பெற்றவர்களில் 100-க்கு 51 பேர் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து வந்தனர். துணை பெறாதவர்களில் 100-க்கு 29 பேரே அவ்வாறு கொடுத்தனர். மனச்சோர்வும் கவலையும் துணை பெற்றோரிடம் குறைந்து காணப்பட்டன.

17 நாடுகளில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்து ஆய்ந்த முடிவு 2017-ம் ஆண்டில் வெளிவந்தது. இடைவிடாத துணை கிடைத்த பெண்களிடையே இயல்பான பிரசவம் கூடியும், அறுவைப் பிரசவம் சுமார் நான்கில் ஒரு பங்கு குறைந்தும் காணப்பட்டன. வேதனை நேரமும் ஓரளவு சுருங்கியது. தமிழ்நாட்டில் 2019-21 கணக்கெடுப்பின்படி 100 பிரசவங்களில் ஏறத்தாழ 45 அறுவை முறையில் நடந்தவை. அறுவை தேவைப்படும் இடத்தில் அது உயிர் காப்பது. தேவையற்ற இடத்தில் அதைத் தவிர்ப்பது நன்று. ஆதலால் இம்முடிவு நமக்குச் சிறப்பாக உரியது.

இத்தகைய துணைவியை மேலை நாடுகளில் 'டூலா' என்கின்றனர். பணிப்பெண் என்னும் பொருளுடைய இந்தக் கிரேக்கச் சொல்லை டானா ராஃபேல் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் 1973-ம் ஆண்டில் வெளியான தம் நூலில் எடுத்தாண்டார். பெயர் நமக்குப் புதிது. தொண்டு நம் பாட்டிமார் செய்ததே.

பயன் விளையும் காரணம்

கருப்பை சுருங்கி விரிவதற்கு ஆக்சிடோசின் என்னும் சுரப்பு தேவை. அச்சம் மிகும்போது உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இது கருப்பையின் வேலையைத் தடைப்படுத்தக்கூடியது. புதிய இடம், புரியாத மொழி, பக்கத்துக் கட்டிலில் அலறும் குரல் ஆகியவற்றுக்கிடையே தனித்துக் கிடக்கும் பெண் அஞ்சுவது இயல்பே. அச்சத்தால் உடல் இறுகுகிறது. இறுகிய உடலில் வலி கூடுகிறது. கூடிய வலி மேலும் அச்சத்தைத் தருகிறது. அருகில் ஒரு பெண் அமைதியாக இருந்தால் இச்சுழல் தளர்கிறது. முதற் பேற்றில் வலி வலுத்த பிறகும் பன்னிரண்டு மணி நேரம் வரை செல்லலாம் என்பதை ஒரு பெண் முன்னரே அறிந்திருந்தால், "ஏதோ விபரீதம் நேர்ந்துவிட்டது" என்று கலங்கமாட்டாள்.

துணைவி செய்ய வேண்டியவை

பிரசவத்துக்கு முன்: ஏழாம், எட்டாம் மாதத்திலேயே கர்ப்பிணியைச் சந்தித்துப் பழகுதல் வேண்டும். அரசுச் சுகாதார நிலையத்தில் அவள் பெயர் பதிவாகிக் கர்ப்பப் பதிவு எண் கிடைத்துள்ளதா எனக் கேட்க வேண்டும். குழந்தையின் பிறப்புப் பதிவுக்கும் அவ்வெண் தேவைப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987-ம் ஆண்டில் 300 ரூபாயில் தொடங்கி, 2018-ம் ஆண்டில் 18,000 ரூபாய் பெறுமானத்துக்கு உயர்த்தப்பட்டது. தனக்கு அதற்குத் தகுதி உண்டா என்பதையே அறியாத பெண்கள் உளர். செவிலியரிடம் அழைத்துச் சென்று விசாரித்துத் தருவது துணைவியின் கடமை. எந்த மருத்துவமனைக்குப் போவது, இரவில் வலி கண்டால் யாரை அழைப்பது, மூத்த குழந்தையை யார் வீட்டில் விடுவது என்பவற்றையும் முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும்.

கால், முகம் வீங்கிக் கடுந்தலைவலியும் கண் மங்கலும் தோன்றுதல், உதிரம் படுதல், பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல், காய்ச்சல், வலிப்பு ஆகியவற்றுள் எது காணினும் சற்றும் காத்திராமல் 108-ஐ அழைத்தல் வேண்டும். இதனைக் கர்ப்பிணிக்கும் அவள் கணவனுக்கும் மனத்திற் பதியுமாறு சொல்லி வைக்க வேண்டும்.

பிரசவத்தின்போது: செவிலியர் அனுமதித்தால் கர்ப்பிணியைக் கைத்தாங்கலாக நடக்கச் செய்யலாம்; ஒருக்களித்துப் படுக்கவோ சாய்ந்து உட்காரவோ உதவலாம். இடுப்பின் அடிப்பகுதியை உள்ளங்கையால் அழுத்தித் தேய்ப்பது பெரும் ஆறுதல் தரும். வலி எழும்போது மெதுவாக மூச்சை இழுத்து விடும்படி தாமும் உடன் செய்து காட்ட வேண்டும். செவிலியர் சொன்ன அளவில் நீர் பருகக் கொடுத்து, அவ்வப்போது சிறுநீர் கழிக்க நினைவூட்ட வேண்டும். மருத்துவர் சொல்வதை எளிய சொற்களில் திருப்பிச் சொல்லலாம். பேசத் தேவையில்லாதபோது பேசாமல் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதும் தொண்டே.

பிரசவத்துக்குப் பின்: குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்து வைத்து, முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்ட உதவ வேண்டும். மஞ்சள் நிறமான சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டும் பழக்கமும், சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் முதலியன புகட்டும் பழக்கமும் இன்னும் முற்றிலும் ஒழிந்தபாடில்லை. ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறொன்றும் வேண்டா என்பதை அன்புடன் எடுத்துரைக்க வேண்டும். வீடு திரும்பிய பின் முதல் வாரத்தில் இரண்டு முறையேனும், பின்னர் ஆறு வாரம் வரை அவ்வப்போதும் சென்று காண்பது நலம். தாய்க்கு உதிரப்போக்கு மிகுந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். புதிய தாய் காரணமின்றி அழுதுகொண்டும், குழந்தையை ஏறெடுத்துப் பாராமலும் இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், அதைப் 'பிடிவாதம்' என்று ஒதுக்கிவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய்; அதற்குச் சிகிச்சை உண்டு.

செய்யலாகாதவை

துணைவி மருத்துவச்சி அல்லள். உள் பரிசோதனை செய்தல், வயிற்றை அழுத்துதல், நாட்டு மருந்து கொடுத்தல், "அறுவைக்குச் சம்மதிக்காதே" என்று யோசனை கூறுதல் ஆகிய ஒன்றும் அவள் வேலை அன்று. முடிவெடுப்பவர் தாயும் மருத்துவருமே. உள்ளே கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது. பெண் குழந்தை பிறந்தால் முகம் சுளிப்பவரும், சாதி விசாரிப்பவரும் இத்தொண்டுக்கு ஏற்றவர் அல்லர். குடும்பத்தாரிடம் காசோ பொருளோ பெறலாகாது. பிறருக்குக் கொடுக்கும்படி அவர்களைத் தூண்டவும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் பிரசவமும், மருந்தும், வீடு திரும்பும் ஊர்தியும் இலவசம் என 2011-ம் ஆண்டின் தாய்-சேய் நலத் திட்டம் உறுதி அளித்துள்ளது. அதனைத் தாய்க்குத் தெரிவிப்பதே துணைவியின் கடமை.

ஊரில் தொடங்கும் முறை

இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மகளிர் சுய உதவிக்குழுக்கள் ஊர்தோறும் உள்ளன. அக்குழுப் பெண்களே வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் கண்டறிய உதவ வல்லவர்கள் என்பதை 2021-ம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் காட்டியுள்ளது. பேறுகாலத் தொண்டையும் அவர்கள் ஏற்க இயலும்.

முதலில், பிள்ளை பெற்ற அனுபவமும் பொறுமையும் உடைய ஆறு அல்லது எட்டுப் பெண்களைக் குழு தேர்ந்தெடுக்கட்டும். பின்னர் அவ்வூர் சுகாதார நிலைய மருத்துவரைக் கண்டு அனுமதி பெறட்டும். அனுமதியின்றித் தொடங்கினால், பிரசவ அறை வாயிலில் வீண் வாக்குவாதமே மிஞ்சும். உடற்பரிசோதனை முடிந்தபின், கிராம சுகாதாரச் செவிலியரிடம் சில அமர்வுகளில் மேற்கூறியவற்றைக் கற்றுக்கொள்ளட்டும். பூவிருந்தவல்லியில் பொது சுகாதாரப் பயிற்சி நிறுவனம் இருப்பதால், அவ்வட்டாரத்தார் அங்கும் ஆலோசனை கேட்கலாம். ஒரு கர்ப்பிணிக்கு இருவரை நியமித்தால், ஒருவர் பகலிலும் மற்றவர் இரவிலும் உடனிருக்க வசதியாகும். உள்ளே ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே இருத்தல் முறை. தொண்டர்களின் பேருந்துக் கட்டணத்தையும் உணவுச் செலவையும் குழுவோ ஊராட்சியோ ஏற்பது நியாயம். ஏழைப் பெண் தொண்டு செய்ய வந்து கைப்பொருளை இழக்கலாகாது.

துணை வேண்டுவோர் யார் என்பதை அங்கன்வாடிப் பணியாளரும் செவிலியரும் அறிவர். அவர்கள் மூலமாகவே, கர்ப்பிணியின் முழுச் சம்மதத்துடன், அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். "வேண்டா" என்று அவள் கூறினால் அத்துடன் விட்டுவிட வேண்டும்.

மொழி வேறுபாட்டுக்கும் வழி உண்டு. முன்பே இங்குப் பிள்ளை பெற்ற ஒடியா அல்லது இந்தி பேசும் பெண் ஒருத்தி சூளையிலோ தொழிலாளர் குடியிருப்பிலோ இருப்பாள். அவளையும் தொண்டராகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் மருத்துவமனையின் வழிகளையும் தன் ஊர்ப் பெண்ணின் மனத்தையும் ஒருங்கே அறிந்தவள் அவளே. நேற்று உதவி பெற்றவள் இன்று உதவி செய்பவளாக முன்வந்தால், இத்தொண்டு வெளியார் உபகாரமாக இல்லாமல் அம்மக்களுடையதாகவே ஆகிவிடும்.

ஓராண்டில் ஒரு குழு பத்துப் பெண்களுக்குத் துணை நின்றாலும் அது சிறு காரியம் அன்று. கட்டடம், கருவி, மருந்து, ஊர்தி ஆகியவற்றை அரசு அமைத்திருக்கிறது. பிரசவ அறையில் ஒரு நாற்காலிக்கும் இடம் விட்டிருக்கிறது. அந்நாற்காலி எந்தப் பெண்ணுக்கு வெறுமையாக இருக்கிறது என்பதைத் தம் ஊரில் விசாரித்து அறிவதே மாதர் சங்கங்கள் இம்மாதம் செய்ய வேண்டிய முதல் வேலை. அடுத்த கூட்டத்தில் அங்கன்வாடிப் பணியாளரையும் செவிலியரையும் அழைத்து, வரும் மூன்று மாதங்களில் பேறுகாலம் நெருங்கும் பெண்களுள் துணையற்றவர் எத்தனை பேர் என்று கேட்டுத் தொடங்குமாறு வேண்டுகிறோம்.